நாட்டிங்ஹாமிலிருந்து சரயேவோ வரை: 4 நிமிடம் 28 நொடியின் தடம்

பிப்ரவரி 9, 2025, ஞாயிறு: நாட்டிங்ஹாம்

மழை என்று சொல்ல முடியாத மழை. குடையை விரித்தால் காற்று பிடுங்குகிறது, மடக்கினால் அரை மணி நேரத்தில் கோட்டின் தோள் ஊறிவிடுகிறது. ரயில் நிலையத்துக்கு வெளியே வழி கேட்டபோது ஒரு பெரியவர் கூடவே நூறடி நடந்து வந்து டிராம் நிறுத்தத்தைக் காட்டினார். பேச்சுக்குப் பேச்சு ‘மி டக்’ என்றார். வாத்து என்றுதான் அதற்குப் பொருள். ஆனால் இந்த ஊரில் அது நம்முடைய ‘கண்ணு’, ‘ராசா’ இருக்கும் இடத்தில் இருக்கிறது. கடைக்காரப் பெண், பேருந்து ஓட்டுநர், டிக்கெட் கொடுப்பவர் எல்லாருக்கும் எதிரே நிற்பவர் டக்தான்.

லேஸ் மார்க்கெட் நிறுத்தத்தில் இறங்கி ஐந்து நிமிடம் நடந்தால் பொலேரோ சதுக்கம். சிலையும் நீரூற்றும் பெரிதாக எதுவும் இல்லை. கல் பாவிய ஒரு திறந்தவெளி, அதன் முன்னே நேஷனல் ஐஸ் சென்டர். இங்கே 1939இல் திறந்த பழைய ஐஸ் ஸ்டேடியம் இருந்தது. 1984 சரயேவோ ஒலிம்பிக்கில் ‘பொலேரோ’ என்ற இசைக்கு ஐஸ் டான்ஸ் ஆடித் தங்கம் வென்ற பிரிட்டிஷ் ஜோடி ஜேன் டோர்விலும் கிறிஸ்டோபர் டீனும் சறுக்கக் கற்றது அந்தப் பழைய கட்டடத்தில்தான். அதை இடித்துவிட்டு, 60 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ள இரண்டு ரிங்குகளோடு, அதாவது பனித்தளங்களோடு, 2000இல் இந்தப் புதிய கட்டடம் வந்தது. ஒரு நகரம் தன் சதுக்கம் ஒன்றுக்கு ஒரு நான்கு நிமிட ஆட்டத்தின் பெயரை வைத்திருக்கிறது. இந்தப் பயணம் அந்த ஆட்டத்தைப் பின்தொடர்ந்து போகிறது.

பொதுமக்கள் நேரத்துக்கு நுழைவும் வாடகை ஸ்கேட்டும் சேர்த்து ஆளுக்குப் பத்துப் பவுண்டுக்குக் கொஞ்சம் மேலே, நம் கணக்கில் 1,100 ரூபாயைத் தாண்டும். வாடகை ஸ்கேட் வாங்குகிறவர்கள் முதலில் பிளேடைப் பார்க்க வேண்டும். கட்டைவிரல் நகத்தை விளிம்பின் குறுக்கே மெல்ல இழுத்தால் வெள்ளைத் தூள் சுரண்டி வர வேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் பிளேடு மழுங்கியது, கவுன்டரில் மாற்றித் தரச் சொல்லலாம், மாற்றித் தருகிறார்கள். கயிற்றை விரல் பக்கம் தளர்வாகவும், கணுக்கால் மடியும் இடத்தில் இழுத்து இறுக்கமாகவும், மேல் கொக்கிகளில் ஒரு விரல் நுழையும்படியும் கட்ட வேண்டும். தடித்த கம்பளிக் காலுறை கதகதப்பாக இருக்கும் என்று பலர் போட்டு வந்திருந்தார்கள். உள்ளே கால் நழுவிக் கொப்புளம் வருவது அதனால்தான். மெல்லிய காலுறை ஒன்று போதும்.

இரவு உணவு ஒரு சிறு கடையில். பட்டாணியைக் குழையக் குழைய வேகவைத்து, மேலே புதினாவும் வினிகரும் கலந்த சாறு ஊற்றித் தருகிறார்கள். நாட்டிங்ஹாமுக்கே உரிய தீனி இது. நம் ஊர் சுண்டல் கடைப் பட்டாணியின் தூரத்துச் சொந்தம் போல இருந்தது. குளிருக்கு ரொம்ப நல்லது.

பிப்ரவரி 10, திங்கள்: கிளிஃப்டன், கால்வர்ட்டன்

டோர்வில் பிறந்த கிளிஃப்டனுக்கு டிராமிலேயே போய்விடலாம். நகரின் தெற்கு ஓரம். போருக்குப் பின் நகரசபை கட்டிய வீடுகள், ஒரே அச்சில் வார்த்தது போன்ற செங்கல் வரிசை. டீன் வளர்ந்த கால்வர்ட்டன் வடக்கே. சுரங்கத் தொழிலாளர்களின் கிராமமாக இருந்தது. அங்கே பேருந்தில் போக வேண்டும், ஒரு சிறு தொந்தரவும் அங்கேதான் வந்தது. ஓட்டுநர் சில்லறை தருவதில்லை. இருபது பவுண்டு நோட்டை நீட்டினால் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் பயணம் செய்யலாம், மீதி கிடையாது. வரிசையில் பின்னால் நின்ற பள்ளி மாணவி ஒருத்தி தன் கார்டைத் தட்டிவிட்டு, ரொக்கமாக வாங்கிக்கொண்டாள். நன்றி சொன்னபோது அவளுக்குத்தான் கூச்சம்.

இரண்டு ஊருக்கும் நடுவில்தான் அந்த ரிங்க். டோர்வில் 1957 அக்டோபரில் பிறந்தவர், பெற்றோர் செய்தித்தாள் கடை வைத்திருந்தார்கள். எட்டு வயதில் பள்ளியிலிருந்து ரிங்குக்கு அழைத்துப் போனார்கள், அப்படித் தொடங்கியது. முதலில் அவர் ஐஸ் டான்ஸர் இல்லை, ‘பேர்’ (pair) என்ற வேறொரு ஜோடிப் பிரிவின் ஸ்கேட்டர். வேறொரு துணையோடு 1971இல் பிரிட்டிஷ் பேர் பட்டத்தை வென்றவர். டீனுக்குப் பத்து வயதில் கிறிஸ்துமஸ் பரிசாக ஸ்கேட் கிடைத்தது. அவரும் வேறொரு பெண்ணோடு 1974இல் ஜூனியர் டான்ஸ் பட்டம் வாங்கினார். இரண்டு பேரின் ஆட்டத் துணையும் விலகிவிட்ட நேரத்தில், 1975இல், ஜேனட் சாப்ரிட்ஜ் என்ற பயிற்சியாளர் இவர்களைச் சேர்த்து நிறுத்திப் பார்த்தார்.

பேர் ஸ்கேட்டிங்கும் ஐஸ் டான்ஸும் ஒன்று என்று வெளியே பலர் நினைக்கிறார்கள். பேரில் ஆண் பெண்ணைத் தலைக்கு மேல் தூக்கலாம், வீசலாம், இருவரும் தள்ளித் தள்ளி நின்று தாவலாம். டான்ஸில் அதெல்லாம் இல்லை. தூக்குவதற்கு உயரக் கட்டுப்பாடு, பிரிந்து நிற்பதற்கு நேரக் கட்டுப்பாடு. மிஞ்சுவது காலும் தாளமும், இருவருக்கும் நடுவே உள்ள இடைவெளியும்தான். ஐஸ் டான்ஸரின் தொழில் வாழ்க்கை முழுவதும் அந்த இடைவெளியைக் குறைத்துக்கொண்டே போகிற வேலை. துணை விலகினால் பத்தாண்டு உழைப்பு ஒரே நாளில் பாதியாகிவிடும். புதிய உடம்பின் உயரம், அடியின் நீளம், முழங்கால் மடியும் ஆழம் எல்லாவற்றையும் திரும்பப் பழக வேண்டும்.

டோர்வில் காப்பீட்டு நிறுவனத்தில் எழுத்தர். டீன் காவலர், ஷிஃப்ட் வேலை. ரிங்கில் இடம் கிடைப்பது பொதுமக்கள் போன பிறகு இரவிலும் விடிவதற்கு முன்பும். 1978இல் முதல் உலகச் சாம்பியன்ஷிப், 11ஆம் இடம். அடுத்த ஆண்டு 8. அதற்கடுத்த ஆண்டு லேக் பிளாசிட் ஒலிம்பிக்கில் 5, உலகப் போட்டியில் 4. ஐஸ் டான்ஸில் ஏணி இப்படித்தான், ஒரே தாவலில் யாரும் மேலே போவதில்லை. வேலை பார்த்துக்கொண்டே நான்காவதிலிருந்து முதலாவதுக்கு ஏற முடியாது என்று 1980இல் இருவரும் வேலையை விட்டார்கள். நாட்டிங்ஹாம் நகரசபை மொத்தம் 42,000 பவுண்டு கொடுத்தது. வரிப்பணத்தைச் சறுக்குகிறவர்களுக்குக் கொடுப்பதா என்று அப்போது சண்டை நடந்தது. அடுத்த ஆண்டே உலகப் பட்டம் வந்தது. இந்தக் கதையில் முதல் நாயகன் அந்தக் காசோலைதான் என்பது என் கருத்து. திறமை அதற்கு முன்பே இருந்தது, பகல் வெளிச்சத்தில் பயிற்சி செய்ய நேரம் இல்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்: ரிங்கில் விடியல்

காலை ஆறரை. வெளியே 3 டிகிரி, உள்ளே அதைவிடக் கொஞ்சம் குறைவாகத் தோன்றியது. பக்கவாட்டு இருக்கையில் உட்கார்ந்து பார்க்க யாரும் தடுக்கவில்லை. துப்புரவுப் பணியாளர் ஒருவர் வந்து, காற்று வராத மூலை எது என்று காட்டிவிட்டுப் போனார்.

பனித்தளத்தைச் சீராக்கும் வண்டி சுற்றி முடித்த பிறகு ஐந்து நிமிடம் யாரும் இறங்கவில்லை. வண்டி மேற்பரப்பைச் சீவிவிட்டு வெந்நீரைப் பூசுகிறது. சுடுநீர் பழைய கீறல்களுக்குள் இறங்கி உருக்கிப் பிடித்துக்கொள்ளும், குளிர்ந்த நீர் என்றால் மேலாகவே உறைந்து உரிந்து வரும். ஹாக்கிக்குத் தளம் இறுகலாக வேண்டும், அதனால் குளிர் அதிகம் வைப்பார்கள். ஃபிகர் ஸ்கேட்டிங்குக்கு மைனஸ் 3, 4 போதும். கொஞ்சம் மென்மையாக இருந்தால்தான் விளிம்பு ஆழமாகக் கடிக்கும்.

இளம் ஜோடிகள் மூன்று. அவர்களுடைய பிளேடைக் கவனித்தால் வித்தியாசம் தெரியும். தனியாகத் தாவுகிறவர்களின் பிளேடு குதிகாலைத் தாண்டி நீண்டிருக்கும். டான்ஸ் பிளேடின் வால் ஏறக்குறைய ஓர் அங்குலம் குறைவு. காரணம் எளிது: பின்னோக்கிப் போகிறவரின் பிளேடு வாலை முன்னோக்கி வருகிறவர் மிதித்தால் இருவரும் விழுவார்கள். முன்பற்கள் சிறியவை, உலோகம் மெலிது. பூட்ஸின் பின்பக்கம் தாழ்வாக வெட்டியிருக்கும், பாதத்தைப் பின்னால் நீட்ட அது வேண்டும். பிளேடின் அடியில் நீளவாட்டில் ஒரு பள்ளம் உண்டு. அதனால் ஒரே பிளேடுக்கு உள்விளிம்பு, வெளிவிளிம்பு என்று இரண்டு. முன்னே போனாலும் பின்னே போனாலும் சேர்த்து ஒரு காலுக்கு நான்கு, இரு காலுக்கு எட்டு. ஐஸ் டான்ஸ் இந்த எட்டு எழுத்தில் எழுதுகிற மொழி. நேராக, இரண்டு விளிம்பிலும் ஒரே நேரத்தில் நின்று போனால் அதற்குத் ‘தட்டை’ என்று பெயர், நடுவர் மதிப்பெண்ணைக் குறைப்பார்.

முதல் பத்து நிமிடம் கைகோத்து வெறும் சுற்று. அலங்காரம் எதுவும் இல்லை, தள்ளு மட்டும். தள்ளுவது முன்பல்லால் இல்லை, பக்கவாட்டில், உள்விளிம்பால். முன்பல்லால் தள்ளினால் ‘டக்’ என்று சத்தம் வரும். பயிற்சியாளர் திரும்பிக்கூடப் பார்க்காமல் அந்தச் சத்தத்தைக் கேட்டே இருவரையும் நிறுத்தினார். நல்ல ஜோடியின் காலடியில் ஒரே ஒரு சீறல்தான் கேட்கும், இரண்டு கேட்டால் தாளம் பிரிந்துவிட்டது என்று பொருள்.

அடுத்து வால்ட்ஸ். வெஸ்ட்மின்ஸ்டர் வால்ட்ஸ் 1938இல் லண்டனில் உருவானது, இன்னும் உலகம் முழுக்கப் பயில்கிறார்கள். நிமிடத்துக்கு மூன்று தட்டுள்ள 54 தாளச் சுற்று, அதாவது 162 தட்டு. இதில் கெடுவது பெரும்பாலும் பிடியில். ஆண் கையால் இழுத்துத் திருப்பப் பார்க்கிறான். பெண்ணின் தோள் முன்னால் வருகிறது, இடுப்பு பின்தங்குகிறது, நடுவில் ஒரு முழ இடைவெளி விழுகிறது. திருப்புவது கையால் இல்லை, மூச்செடுத்து முழங்காலை நிமிர்த்தும்போது உடம்பு தானாகத் திரும்பும். ஒரே நேரத்தில் மடிந்து ஒரே நேரத்தில் நிமிர்ந்தால் கை வெறுமனே தொட்டுக்கொண்டிருந்தால் போதும். பயிற்சியாளர் இரண்டு பேரின் மார்புக்கும் நடுவே ஒரு மெல்லிய துண்டை வைத்துவிட்டார். விழாமல் ஒரு சுற்று வர வேண்டும். நான்காவது முறை வந்தது.

பிறகு ட்விஸில்: ஒற்றைக் காலில் சுழன்றுகொண்டே நகர்வது, இருவரும் அருகருகே, தொடாமல். எடை உள்ளங்காலின் முன்பகுதிக்குச் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும். குதிகாலுக்குப் போய்விட்டால் பிளேடு சுரண்டும், சுழற்சி துண்டுதுண்டாக உடையும். வேகமாகச் சுழல்வதைவிட ஒரே வேகத்தில் சுழல்வது கடினம். இன்று ஒரு பையன் மூன்றாவது சுற்றில் கால் இறக்கிவிட்டான். போட்டியில் இப்படி ஒரு கால் இறங்கினால் அந்த அம்சத்தின் நிலை இறங்கும். மேலிடத்தில் இருக்கும் ஜோடிகளுக்கு நடுவே பல நேரம் அவ்வளவுதான் வித்தியாசம்.

லிஃப்டை, அதாவது துணையைத் தூக்குவதை, தரையில் ரப்பர் பாயின் மேல் முதலில் பழகிவிட்டே பனியில் செய்தார்கள். குறுகிய லிஃப்டுக்கு 7 நொடி. தாண்டினால் ஒரு புள்ளி கழியும். அதனால் பயிற்சியாளர் சத்தமாக எண்ணுகிறார், ஆறு என்றதும் இறக்கத் தொடங்க வேண்டும். பெண்ணின் பிளேடை ஆணின் தொடையில் பதிக்கும் லிஃப்ட் பார்க்க அழகு. அந்தத் தொடையில் எப்போதும் கன்றிய தழும்பு இருக்கும்.

ஓரத்தில் நின்றிருந்த ஒரு தாயிடம் செலவு கேட்டேன். பூட்ஸும் பிளேடும் சேர்ந்து ஆயிரம் பவுண்டைத் தாண்டும், வளரும் பிள்ளைக்கு ஓராண்டு வந்தால் அதிர்ஷ்டம். சாணை பிடிப்பது 20, 30 மணி நேரப் பயிற்சிக்கு ஒருமுறை. இதெல்லாம் சின்னச் செலவு என்றார். பெரியது பனித்தள வாடகையும் பயிற்சியாளர் நேரமும். இந்த ஊர்ப் பிள்ளைகளில் மேலே போகிறவர்கள் கடைசியில் வெளிநாட்டுக்குப் போய்விடுகிறார்கள் என்று அவரே சொன்னார். உண்மைதான். பத்து நாள் முன்பு தாலினில் ஐரோப்பிய வெண்கலம் வென்ற பிரிட்டிஷ் ஜோடி லைலா ஃபியரும் லூயிஸ் கிப்சனும் பயிற்சி பெறுவது மான்ட்ரியலில். அந்தக் காலத்தில் டோர்விலும் டீனும்கூட மாதக்கணக்கில் ஜெர்மனியின் ஓபர்ஸ்ட்டோர்ஃபில் போய்த் தங்கினார்கள். பயிற்சியாளர் பெட்டி கேலவே அங்கேதான் அவர்களுக்குப் பகல் நேரப் பனி கிடைக்கச் செய்தார்.

பிப்ரவரி 12, புதன்: வோலட்டன்

காலையில் வோலட்டன் பகுதிக்கு ஒரு சிறு நடை. டோர்வில் டிரைவ், டீன் குளோஸ் என்று தெருக்களுக்குப் பெயர். குப்பைத் தொட்டிகள், நனைந்த சைக்கிள், நாயோடு ஓர் அம்மா. புகைப்படம் எடுப்பதைப் பார்த்து, ‘வருஷத்துக்கு நாலு பேர் வருவீங்க, டக்’ என்றார். ஏப்ரலில் தொடங்கும் அவர்களுடைய விடைபெறும் சுற்றுப்பயணத்துக்கு டிக்கெட் வாங்கிவிட்டாராம். மதியம் விமானம்.

பிப்ரவரி 13, வியாழன்: சரயேவோ

விமானம் நேற்று இரவு போஸ்னியத் தலைநகர் சரயேவோவில் இறங்கவில்லை. ஊர் ஒரு கிண்ணத்துக்குள் இருக்கிறது, சுற்றிலும் மலை. குளிர்காலத்தில் மூடுபனியும் அடுப்புப் புகையும் அதற்குள் படிந்து நின்றுவிடும். ஓடுபாதை தெரியவில்லை என்று இரண்டு வட்டமடித்துவிட்டு ஸாக்ரெப்புக்குத் திருப்பினார்கள். அங்கிருந்து எட்டு மணி நேரம் பேருந்து. எல்லையில் நள்ளிரவு தாண்டி விளக்கைப் போட்டு எழுப்பிக் கடவுச்சீட்டுகளை மொத்தமாக வாங்கிக்கொண்டு போனார்கள், திரும்பி வர ஐம்பது நிமிடம். பக்கத்து இருக்கைப் பாட்டி பையிலிருந்து கீரையும் பாலாடையும் வைத்துச் சுட்ட பிட்டாவை எடுத்துப் பாதியைக் கையில் திணித்தார். வேண்டாம் என்ற சைகை அவரிடம் செல்லுபடியாகவில்லை.

காலை எட்டு மணிக்கு ஊர் ஒரு சாம்பல் போர்வைக்குள். தொண்டை கரகரத்தது. முகக்கவசம் வைத்திருப்பது நல்லது, உள்ளூர்க்காரர்களும் போட்டிருந்தார்கள். மதியம் பஷ்சர்ஷியா கடைத்தெருவில் செவாப்பி: விரல் நீள இறைச்சி உருண்டைகள் பத்து, சோமுன் ரொட்டிக்குள், பச்சை வெங்காயமும் கைமாக் என்ற பாலாடையும் பக்கத்தில். 13 மார்க் (போஸ்னிய நாணயம்), சுமார் 600 ரூபாய். இரண்டு பேர் பத்தைப் பங்கிட்டுக்கொள்ளலாம். காபி செம்புக் கிண்டியில் வருகிறது, 3 மார்க். சர்க்கரைக் கட்டியைக் கலக்கக் கூடாது. நுனியை நனைத்துக் கடித்துவிட்டு மேலே காபியை உறிஞ்ச வேண்டும். தவறாகச் செய்ததைப் பார்த்த பக்கத்து மேசைக்காரர் எழுந்து வந்து தன் கட்டியால் செய்து காட்டினார். ‘பொலாகோ’ என்றார். மெதுவாக என்று அர்த்தம். இந்த ஊரில் அதிகம் கேட்கிற சொல் அது.

பிப்ரவரி 14, வெள்ளி: ஸெட்ரா

41 ஆண்டுகளுக்கு முன் இதே நாள். கடைத்தெருவிலிருந்து முக்கால் மணி நேரம் மேட்டில் நடந்தால் கோஷேவோ. 1984 ஒலிம்பிக் தொடக்க விழா நடந்த விளையாட்டரங்கு, அதைத் தாண்டி ஸெட்ரா. நடுவே வெள்ளைக் கல்லறைகள், வரிசை வரிசையாக. கல்லில் பெரும்பாலும் 1992, 1993 என்றே முடிகிறது. போஸ்னியப் போரில் ஊர் முற்றுகையில் இருந்த காலத்தில் இடுகாட்டில் இடமில்லாமல் விளையாட்டுத் திடலையும் தோண்டினார்கள். ஸெட்ரா குண்டுவீச்சில் சிதைந்தது. அதன் அடித்தளம் பிணவறையானது, மர இருக்கைகளைப் பிரித்துச் சவப்பெட்டி செய்தார்கள். 1999இல்தான் மறுபடி கட்டித் திறந்தார்கள்.

கதவு பூட்டியிருந்தது. வார நாளில் பொதுமக்களுக்கு இல்லை, ஞாயிறு வாருங்கள் என்றார் காவலர். வந்த காரணத்தைச் சொன்னதும் சாவிக்கொத்தை எடுத்தார். பத்து நிமிடம் என்று விரலை விரித்துக் காட்டினார். உள்ளே ஒற்றை வரிசை விளக்கு. அப்போதுதான் தண்ணீர் பூசிய பனி, ஒரு கீறல்கூட இல்லாமல்.

1984 பிப்ரவரி 14 காலை ஆறு மணிக்கு இங்கே டோர்விலும் டீனும் ஒருமுறை முழு ஆட்டத்தையும் ஆடிப் பார்த்தார்கள். இருக்கைகளைத் துடைத்துக்கொண்டிருந்த துப்புரவுப் பணியாளர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கைதட்டினார்கள். அன்றைய முதல் பாராட்டு அவர்களுடையது.

பொலேரோவை அற்புதம் என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. அது கணக்குப் போட்டுக் கட்டிய பொருள் என்பதுதான் என்னை இவ்வளவு தூரம் இழுத்து வந்தது. பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவலின் இந்த இசையை முழுதாக வாசித்தால் கால் மணி நேரத்துக்கு மேல் போகும். ஒரே தாளம், ஒரே மெட்டு, மெல்ல மெல்ல ஏறும் ஓசை. ஐஸ் டான்ஸில் அன்றைய வழக்கம் வேறு. மூன்று நான்கு இசைத் துண்டுகளை ஒட்டி, வேகமாக ஒன்று, மெதுவாக ஒன்று என்று மாற்றி மாற்றி ஆடிக் காட்டுவார்கள். இவர்கள் 1982இலும் 1983இலும் ஆண்டுக்கு ஒரே ஓர் இசை நாடகத்திலிருந்து மொத்த ஆட்டத்தையும் எடுத்து அந்த வழக்கத்தை ஏற்கெனவே தளர்த்தியிருந்தார்கள். பொலேரோவில் அதையும் விட்டு, தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே இசை.

சிக்கல் நீளத்தில் வந்தது. ஆட்ட நேரம் 4 நிமிடம், கூடக் குறைய 10 நொடி. ஏறுமுகம் கெடாமல் இசையைச் சுருக்கியதில் 4 நிமிடம் 28 நொடிக்குக் கீழே இறங்கவில்லை. 18 நொடி அதிகம். விதியைத் திரும்பப் படித்தார்கள். நேரம் தொடங்குவது இசையோடு இல்லை, பிளேடு பனியில் சறுக்கத் தொடங்கும்போதுதான். ஆகவே முதல் 18 நொடி இருவரும் எதிரெதிரே மண்டியிட்டு, இடுப்புக்கு மேலே மட்டும் அசைகிறார்கள். பார்வையாளருக்கு அது காதலின் தொடக்கம். நடுவருக்கு, இன்னும் ஆட்டமே தொடங்கவில்லை. சேர முடியாத இரு காதலர்கள் எரிமலையில் ஏறி விழுகிற கதை என்பதால் முடிவில் இருவரும் பனியில் வீழ்ந்து கிடப்பார்கள். இன்றைய விதியில் அப்படிப் படுத்து முடித்தால் மதிப்பெண் போகும்.

அன்று ஒன்பது நடுவர்கள், ஆளுக்கு இரண்டு மதிப்பெண், உச்சம் 6.0. நுட்பத்துக்கு மூன்று 6.0, ஆறு 5.9. கலைக்கு ஒன்பதும் 6.0. மொத்தம் பன்னிரண்டு. பிரிட்டனில் 2 கோடியே 40 லட்சம் பேர் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். அடுத்த மாதம் ஒட்டாவா உலகப் போட்டியில் எல்லாப் பிரிவும் சேர்த்து 29 முறை 6.0. அந்த மதிப்பெண் முறையே 2004இல் போய்விட்டது.

பத்து நிமிடம் இருபதாகியும் காவலர் அவசரப்படுத்தவில்லை.

பிப்ரவரி 15, சனி: மார்க்கலே

ஒலிம்பிக் அருங்காட்சியகம் ஒரு பழைய மாளிகையில் இருக்கிறது. 1992இல் எரிந்தது, 2020இல் மறுபடி திறந்தது. ஓநாய்ச் சின்னம் வுச்கோ, பழைய டிக்கெட்டுகள், சீருடைகள். ஒரு மணி நேரம் போதும். ட்ரெபேவிச் மலைக்குக் கேபிள் காரில் ஏறினால் புகைக்கு மேலே வெயில் அடிக்கிறது. மூச்சு விடவாவது போய் வரலாம்.

மாலையில் மார்க்கலே சந்தை. காய்ந்த அத்தி, தொங்கவிட்ட மிளகாய்ச் சரம், பாலாடைக்கட்டி. கட்டியை வாங்கும் முன் கத்தி நுனியில் ஒரு துண்டு வெட்டித் தருகிறார்கள். பின்சுவரில் பெயர்கள். 1994 பிப்ரவரி 5 அன்று இங்கே விழுந்த ஒரே குண்டில் 68 பேர் இறந்தார்கள். ஒரு வாரம் கழித்து லில்லஹாமர் ஒலிம்பிக் தொடங்கியது. தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு அந்த ஒருமுறை கதவு திறந்ததால், பத்தாண்டுகள் கழித்து டோர்விலும் டீனும் அதில் போட்டியிட்டார்கள். ஜேனுக்கு 36 வயது, கிறிஸ்டோபருக்கு 35. எதிரே நின்ற ரஷ்ய ஜோடிகள் அவர்களைவிட இளையவர்கள். ஐரோப்பியப் பட்டத்தை அந்தக் குளிர்காலத்திலேயே வென்றிருந்தும், ஒலிம்பிக்கில் வெண்கலம்தான். இடைப்பட்ட காலத்தில் ஆட்டம் மாறியிருந்தது. முழங்கால் ஆழமும் வேகமும் கூடியிருந்தன. வயது ஏறிய உடம்பில் மடிந்த முழங்காலில் நின்று நீடிக்கும் பலம் குறையும். ஐஸ் டான்ஸ் முழுக்க அந்த மடிப்பில்தான் நிற்கிறது.

2014இல் இருவரும் ஸெட்ராவுக்குத் திரும்பி வந்து அதே பொலேரோவை ஆடினார்கள். சந்தையில் அத்தி விற்ற அம்மா அதைப் பார்க்கப் போயிருந்தாராம். எடை போட்ட பிறகும் ஒரு கை அள்ளிப் போட்டார்.

பிப்ரவரி 16, ஞாயிறு: மறுபடி ஸெட்ரா

பத்து மணிக்குப் பொதுமக்கள் நேரம். ஸ்கேட் வாடகையும் சேர்த்து ஒரு செவாப்பித் தட்டைவிடக் குறைவு. பிளேடுகள் மழுங்கல்தான், நகச் சோதனையில் மூன்றாவது ஜோடி தேறியது. உள்ளே எழுபது எண்பது பிள்ளைகள், காகக் கூட்டம் போலச் சத்தம். பெரியவர்கள் தடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓரமாக ஊர்கிறார்கள். தளத்தின் நடுப்பகுதி மட்டும் காலி.

அந்த நடுவில் மண்டியிட்டு, இசை இல்லாமல், பதினெட்டு வரை எண்ணிப் பார்க்கலாம். ஐந்தில் துணி நனைகிறது. எட்டில் குளிர் எலும்பைத் தொடுகிறது. பத்தில் தொடை நடுங்கத் தொடங்குகிறது, ஏனென்றால் பிளேடு பனியில் நழுவாமல் இருக்கக் கணுக்காலைப் பின்னால் மடக்கிப் பிடித்திருக்க வேண்டும். பதினான்கில் முதுகு சரிகிறது. பதினெட்டில் எழ வேண்டும், கை ஊன்றாமல், ஒரு பாதத்தை முன்னே வைத்து உள்விளிம்பில் எடையேற்றி, எழும் அசைவே முதல் சறுக்கலாகும்படி. மூன்று முறை முயன்றதில் மூன்று முறையும் கை தரைக்குப் போனது. பக்கத்தில் இரண்டு சிறுமிகள் என்ன விளையாட்டு என்று பார்த்துவிட்டு, எதிரெதிரே மண்டியிட்டுச் சத்தமாக எண்ண ஆரம்பித்தார்கள், போஸ்னிய மொழியில், ‘யெதான், த்வா, த்ரி’ என்று.